வெளியேறும் வழி இரண்டாம் பகுதியில்

குடிநீர் வாரியத்தில் மௌஸ்களைப் பறிமுதல் செய்த அன்று யாரும் அழவில்லை. பில் பிரிவுக் கண்காணிப்பாளர் மட்டும் தன்னுடையதைக் கொடுப்பதற்கு முன் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தார். வால்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, சாக்கில் கட்டி, மீட்டர்கள் துருப்பிடித்துக் கிடக்கும் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார்கள்.

காரணம், இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்ததுதான். அங்கே ஒரு நிபுணர் மௌஸைத் தொடாமலே, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகக் கட்டளைகளை அடித்து வேலை வாங்கியதை அவர் கண்ணாரப் பார்த்திருக்கிறார். நிபுணர் என்ன வேலை வாங்கினார் என்பது அவருக்குப் புரியவில்லை. புரியாததால் மரியாதை கூடிவிட்டது. திரும்பி வந்ததும் ஊழியர் அனைவரையும் கூட்ட அரங்கில் உட்கார வைத்துப் பேசினார்.

“மௌஸ்ங்கிறது என்ன? சுட்டிக் காட்டுறது. பேச்சு வராத குழந்தைதான் விரலை நீட்டிச் சுட்டிக் காட்டும். நாம குழந்தையா? நாம வாரியம். நாம கட்டளை போடணும். இனிமே எல்லாக் கட்டளையும் உங்க எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கணும். எனக்கு எல்லாம் தெரியும்னு நான் சொல்லல. எனக்குத் தெரியணும்னு அவசியமும் இல்ல. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க.”

எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த இணைப்பக்காவும் தட்டினார்.

புதிய இணைப்புப் பிரிவில் வேலை பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவரைவிட வயதில் மூத்த கண்காணிப்பாளருக்கும் அவர் அக்காதான். கணவரும் இதே வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். கல்யாணமான கையோடு அவரை அணைக்கட்டு நீரேற்று நிலையத்துக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும். அக்காவும் அங்கேயே மாற்றல் கேட்டு வருஷாவருஷம் விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். அதுதான் சிக்கலே. வாரியத்தில் அணைக்கட்டு என்பது ஊர் அல்ல, வசவு. பிடிக்காத ஊழியரைப் பார்த்து அதிகாரிகள் சொல்லும் வார்த்தை அது. அதைப் போய் ஒருவர் எழுதிக் கேட்டால் சந்தேகம் வராதா? ‘அணைக்கட்டுக்கு யாராவது கேட்டுப் போவாங்களா? இதுல என்னமோ இருக்கு’ என்று ஒவ்வொரு மேஜையிலும் கோப்பு கொஞ்ச நாள் தூங்கி எழுந்தது.

இயக்குநர் பேச்சை முடிக்கவில்லை. “மாற்றல், லீவு, கடன் எல்லாம் இனிமே கட்டளைத் தேர்வு பாஸ் பண்ணினவங்களுக்குத்தான். பாஸ் பண்ணினவங்க கேட்ட இடத்துக்குப் போகலாம். காப்பி அடிச்சு மாட்டினவங்க அன்னிக்குச் சாயங்காலமே அணைக்கட்டுக்குப் போகலாம்.”

அரங்கு சிரித்தது. அக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு விபரீத யோசனை வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்தியும் விட்டார். அவருடைய பணிப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. தலை நிமிர்ந்து போய் இறங்க வேண்டும் என்பது ஆசை. ‘என்ன தப்பு பண்ணிட்டு வந்தே?’ என்று கணவர் கேலிக்குக் கேட்டாலும் தாங்காது. ஆகவே படித்துப் பாஸ் பண்ணுவது என்று முடிவெடுத்தார்.

பயிற்சி தொடங்கியது. ஒப்பந்தத்துக்கு எடுத்த பயிற்றுநர் ஒருவர் தினமும் காலையில் அரங்கின் நடுவில் நின்று கத்தினார். “எல்எஸ்?” “உள்ளே இருப்பதைக் காட்டு!” என்று வாரியம் பதில் கத்தியது. “சிடி?” “அறை மாறு!” “கிரெப்?” “தேடிப் பிடி!” கீழ்த்தளத்தில் பில் கட்ட வந்து காத்திருந்தவர்களுக்கும் எல்லாம் பாடமாகிவிட்டது. கவுன்ட்டரில் தடுமாறிய குமாஸ்தாவுக்கு வரிசையில் நின்ற ஒரு பெரியவர், “தேடணும்னா கிரெப், தம்பி” என்று எடுத்துக் கொடுத்தார். பெரியவரைக் காவலாளி வெளியே அழைத்துப் போனார்.

அக்காவுக்கு இந்த இரண்டெழுத்து மூன்றெழுத்தெல்லாம் மண்டையில் ஏறவே இல்லை. ஏறியதும் இறங்கிவிட்டது. கடைசியில் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தார். சாயங்காலம் போனில் கணவர் பரீட்சை வைப்பார்.

“எம்வி?”

“மூட்டையைக் கட்டி வேற இடத்துல வை.”

“ஆர்எம்?”

“ராவோட ராவா மாயம்.”

“இதெல்லாம் பாடத்துல இருக்கா?”

“பாடத்துல இருக்கிற மாதிரி படிச்சா எனக்கு எங்கேங்க ஞாபகம் இருக்கு?”

“சரி, உனக்கு எப்ப எம்வி?” என்று அவர் கேட்டார். பின்னால் பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. ராத்திரி பகலாக அவர் பக்கத்திலேயே இருக்கும் அந்த மோட்டார் மேல் அக்காவுக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

இதற்கிடையில் கணினியின் ஒழுக்கக்கேடு அம்பலமானது. பாதிக் கட்டளையை அடித்து டேப் பொத்தானைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பிவிடும். மேல் அம்பைத் தட்டினால் நேற்று அடித்த கட்டளை தானாக வந்து நிற்கும். உதவி கேட்டால் விளக்கமே சொல்லும். பயிற்றுநர் டீ நேரத்தில் யாரிடமோ காதோடு காதாகச் சொன்னதுதான். கண்காணிப்பாளருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது: ‘கணினிகள் ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கண்டறியப்பட்டுள்ளது. இது முறைகேடு. உதவி என்ற சொல்லை அடிக்கத் தடை விதிக்கப்படுகிறது.’ எல்லாக் கீபோர்டிலிருந்தும் டேப் பொத்தானையும் மேல் அம்பையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தார்கள். எடுத்தவற்றை ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு இயக்குநரின் மேஜையில் வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் மிட்டாய் என்று கையை விட்டார்கள்.

ஃபைலைப் பிரதி எடுக்கும் சிபி என்ற கட்டளையும் பாடத்திலிருந்து நீக்கப்பட்டது. பயிற்றுநர் தலையைச் சொறிந்தார். “சார், அது இல்லாம ஒரு வேலையும் நடக்காதே.”

“காப்பி அடிக்காதேன்னு ஒரு பக்கம் சொல்லிட்டு, இன்னொரு பக்கம் காப்பிக்கு ஒரு கட்டளையைச் சொல்லிக் கொடுத்தா ஊழியர் மனசு குழம்பாதா? வேலை நடக்கறது முக்கியமா, ஒழுக்கம் முக்கியமா?” என்று இயக்குநர் கேட்டார். பயிற்றுநர் வேலை என்று சொல்ல வாயெடுத்து, தன் பில் இன்னும் பாஸாகாததை நினைத்து, ஒழுக்கம் என்றார்.

முதல் பகுதியின் கடைசிப் பாடம், கடிதமும் ஆணையும் அடிக்கும் எடிட்டருக்குள் நுழைவது. விஐ என்று இரண்டெழுத்து. எல்லோரும் ஒரே நேரத்தில் அடித்து உள்ளே போனார்கள். பயிற்றுநர் பையைத் தோளில் மாட்டினார்.

“வெளியே வர்றது எப்படிங்க?” என்று அக்கா கேட்டார்.

“அது இரண்டாம் பகுதிங்க.”

“அது எப்ப?”

“நிதிப் பிரிவு ஒப்புதல் கொடுக்கணும். என் ஒப்பந்தம் முதல் பகுதியோட சரி. இப்ப சொல்லிட்டா நான் இலவசமா வேலை பார்த்த மாதிரி ஆயிடும்” என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

வாரியம் உள்ளேயே நின்றது. எந்தப் பொத்தானைத் தட்டினாலும் அது ஒரு எழுத்தாகத் திரையில் விழுந்தது, அல்லது ஏற்கெனவே இருந்த ஒரு வரி காணாமல் போனது. ஸ்விட்சை அணைத்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். “அது வெளியேறுறது இல்ல, ஓடிப்போறது” என்று இயக்குநர் தடுத்துவிட்டார். ஒரு கணினிக்குள் மாட்டிக்கொண்டவர்கள் காலியாக இருந்த அடுத்த கணினியில் போய் உட்கார்ந்து அதற்குள்ளும் போனார்கள். அந்த வாரக் கடைசியில் காலிக் கணினியே இல்லை.

கவுன்ட்டருக்கு ஒருவர் மூச்சிரைக்க வந்தார். “எங்க தெருவுல குழாய் உடைஞ்சு தண்ணி ஆறா ஓடுது.”

“புகாரை எழுதிட்டேன் சார்” என்றார் குமாஸ்தா. “ஆனா இப்ப உள்ளே இருக்கேன். வெளியே வந்ததும் அனுப்பறேன்.”

“எப்ப வருவீங்க?”

“நிதிப் பிரிவு ஒப்புதல் கொடுத்ததும்.”

வந்தவர் குமாஸ்தாவை மேலும் கீழும் பார்த்தார். குமாஸ்தா நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். கதவும் திறந்துதான் இருந்தது.

இதே குமாஸ்தாதான் ஒருநாள் விரக்தியில் கீபோர்டில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். திரையின் அடியில் ஒரு வரி முளைத்தது. வெளியேற வேண்டுமானால் இன்னது அடிக்கவும் என்று கணினியே எழுதிக் காட்டியது. அவர் படிப்பதற்குள் கண்காணிப்பாளர் பாய்ந்து வந்து உள்ளங்கையால் அந்த வரியைப் பொத்திவிட்டார். காப்பி கையும் களவுமாகப் பிடிபட்டது. குமாஸ்தா படிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததால் தப்பினார். அன்றே எல்லாத் திரைகளின் கடைசி வரி மீதும் அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பை ஒட்டினார்கள். முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் தன் திரைக்கும் ஒட்டச் சொன்னார். பேனாவால் தாளில் எழுதும் தேர்வு என்பதால் தேர்வுக்கு எந்த இடையூறும் வரவில்லை.

மூட்டையும் மாயமும் கைகொடுக்க, அக்கா முதலாவதாகத் தேறினார்.

மாற்றல் ஆணையைத் தன் கையாலேயே அடிப்பதாக இயக்குநர் அறிவித்தார். அவர் அறைக் கதவைத் திறந்து வைத்து, வராந்தாவில் ஊழியர்களை நிறுத்தி வைத்தார்கள். இயக்குநர் எடிட்டருக்குள் போனார். ‘இணைப்புப் பிரிவு உதவியாளர் அணைக்கட்டு நீரேற்று நிலையத்துக்கு மாற்றப்படுகிறார்’ என்று அடித்தார். கைதட்டல் கிளம்பியது. அதற்குத் தலையசைத்துவிட்டு வெளியே வரப் பார்த்தார். வர முடியவில்லை. போதும் என்று அடித்தார். அது ஆணையோடு சேர்ந்துகொண்டது. முடிந்தது என்று அடித்தார். அதுவும் சேர்ந்துகொண்டது. ‘மாற்றப்படுகிறார் போதும் முடிந்தது விடு’ என்ற நிலையில் ஆணை நின்றது. கைதட்டல் எப்போது ஓய்வது என்று தெரியாமல் தொடர்ந்துகொண்டிருந்தது.

இயக்குநர் நாற்காலியைத் திருப்பினார். “உள்ளே போறது திறமை. வெளியே வர்றது அவசரம். வாரியம் எதுக்கும் அவசரப்படாது” என்றார்.

ஆணை வெளியே வந்தால்தான் அச்சிட முடியும், அச்சிட்டால்தான் கையெழுத்து. இதற்காக ‘வெளியேறல் குழு’ அமைக்கப்பட்டது. இரண்டாம் பகுதி வரும்வரை காத்திருக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது; அதைக் கணினியில் அடித்ததால் பரிந்துரையும் உள்ளேயே தங்கிவிட்டது. மின்சாரம் போனாலும் இயக்குநரின் கணினி அணையாமலிருக்க பேட்டரி வைத்தார்கள். ‘தொடாதே, உள்ளே ஆணை இருக்கிறது’ என்று அட்டை மாட்டினார்கள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அறையைக் கூட்ட வருகிறவர் கை பட்டுவிடக் கூடாது என்பதற்காக அக்காவையே காவலுக்கு உட்கார வைத்தார் கண்காணிப்பாளர். “உங்க ஆணை. நீங்களே பார்த்துக்குங்க அக்கா.”

அக்கா தினமும் டிபன் பாக்ஸோடு தன் ஆணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். கைக்கெட்டும் தூரத்தில் கணவரின் ஊர்ப்பெயர் கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று தெரிந்தது.

பல நாளாக அணையாத திரை சூடேறி, டேப்பின் ஒரு முனை பசை விட்டுத் தொங்கியது. அக்கா அதை உரிக்கவில்லை. திரும்ப ஒட்டத்தான் கையை நீட்டினார். முழங்கை கீபோர்டில் பட்டது. கடைசி வரி எழுந்து வந்தது. செய்த மாற்றங்கள் அனைத்தையும் கைவிட்டு வெளியேற இதை அடிக்கவும் என்றது.

அக்கா கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அவருடைய ஆணையும் அந்த மாற்றங்களுக்குள்தான் இருந்தது. இப்படி வெளியேறினால் அதுவும் போய்விடும். வராந்தாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அந்த வரியில் இருந்தபடியே முன்னால் இரட்டைப் புள்ளி வைத்து, தடை செய்யப்பட்ட அந்தச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்: உதவி.

மாதக்கணக்கில் யாரும் எதுவும் கேட்காத கணினி பக்கம் பக்கமாகச் சொல்லத் தொடங்கியது. அக்கா மோர் சாதத்தை மூடி வைத்துவிட்டுப் படித்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை கொஞ்சம் பிடிபட்டது. எழுதி வைத்துக்கொள் என்பதற்கு ஒரு எழுத்து, வெளியேறு என்பதற்கு ஒரு எழுத்து. அவ்வளவுதான். போதும், முடிந்தது, விடு மூன்றையும் அழித்தார். இரண்டெழுத்தையும் அடித்து என்டரைத் தட்டினார். எடிட்டர் மறைந்து கறுப்புத் திரை வந்தது. அச்சிட்ட ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு இயக்குநருக்காகக் காத்திருந்தார்.

இயக்குநர் ஏப்பம் விட்டபடி வந்தவர், திரையைப் பார்த்து நின்றார். “யார் இதை வெளியேத்துனது?”

“நான்தான் சார்.”

“எப்படி?”

“கீழே எழுதியிருந்துச்சு சார். படிச்சேன்.”

நான்தான் என்பதற்குப் பிறகு வந்த எதுவும் இயக்குநரின் காதில் விழவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்காணிப்பாளரையும் மற்றவர்களையும் வரச்சொல்லி அங்கேயே பேசினார்.

“இந்த வாரியத்துல உள்ளே போகத் தெரிஞ்சவங்க இருநூறு பேர். வெளியே வரத் தெரிஞ்சவங்க ஒரே ஒருத்தர். அந்த ஒருத்தரையும் வெளியே அனுப்பிட்டா என்ன ஆகும்? திறமை இல்லாதவங்களை நாம எப்ப வேணா விட்ருவோம். திறமைசாலியை விடவே மாட்டோம். அதனாலதான் நானும் இத்தனை வருஷமா இங்கேயே இருக்கேன்.”

ஆணை கையெழுத்தாகாமல் இழுப்பறைக்குள் போனது. அக்காவுக்கு ‘வெளியேறல் அலுவலர் (பொறுப்பு)’ என்று பெயர்ப்பலகை வந்தது.

அதன் பிறகு நாள் முழுக்க நடைதான். “அக்கா, என்னைக் கொஞ்சம் வெளியே விடுங்க” என்று மாடிக்கு மாடி குரல். அக்கா ஓடிப்போய் இரண்டெழுத்து அடிப்பார். மாட்டிக்கொண்டவர் அப்போது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார், ஏனென்றால் பார்ப்பது காப்பி. வெளியே வந்தவர்கள் அடுத்த கடிதத்துக்காக உடனே உள்ளே போனார்கள். அக்கா மாடிப்படி திரும்புவதற்குள் மறுபடி கூப்பிட்டார்கள். உங்களுக்கும் சொல்லித் தருகிறேனே என்று அவர் கெஞ்சினார். “ஐயோ, அது இரண்டாம் பகுதி ஆச்சே” என்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் சாயங்காலம் போனில் கணவர் சிரித்தார். “ஊரையே வெளியே விடற. நீ எப்ப வெளியே வர்ற?” “ஆணை இழுப்பறையை விட்டு வந்தாத்தானே” என்றார் அக்கா. “சரி விடு. அடுத்த வாரம் நான் லீவு போட்டுட்டு வரேன்” என்றார்.

“உங்களுக்கு லீவு கிடையாதுங்க. நீங்க தேர்வு எழுதல.”

போனை வைத்ததும் அக்கா அழுதார். தலை நிமிர்ந்து போக வேண்டும் என்று காத்திருந்த வருஷங்களையெல்லாம் நினைத்து அழுதார். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடே தூங்கிப்போனார். காலையில் எழுந்தபோதும் அது ஆறாமல் இருந்தது.

அலுவலகத்துக்குப் போனதும் தன் மேஜைக்குப் போகாமல் நேராகப் பில் பிரிவுக்குள் நுழைந்தார். முதல் திரையின் டேப்பைப் பிடித்துச் சர்ரென்று உரித்தார். அடுத்தது. அதற்கடுத்தது. கண்காணிப்பாளர் பின்னாலேயே ஓடி வந்தார். “அக்கா, வேண்டாம். சொன்னா கேளுங்க அக்கா.” அக்கா கேட்கவில்லை. ஒவ்வொரு திரையிலும் உதவியை வரவழைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னார். “படிங்க.”

முதலில் கண்ணை மூடிக்கொண்டார்கள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார்கள். அப்புறம் ஒருவர் வெளியே வந்தார், அவரைப் பார்த்துப் பக்கத்து நாற்காலிக்காரர் வந்தார். மத்தியானத்துக்குள் மொத்த வாரியமும் வெளியே வந்துவிட்டது. உடைந்த குழாய்ப் புகார் உரிய பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தெருவில் இப்போது தண்ணீர் ஓடவில்லை. குழாயில் வருவதும் நின்றுபோயிருந்தது.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். முகம் சிவந்திருந்தது. தன் திரையில் மட்டும் டேப்பை இரண்டு சுற்றாகப் புதிதாக ஒட்டி வைத்திருந்தார்.

“கூட்டமா காப்பி அடிக்க வெச்சிருக்கீங்க. ஒத்துக்கறீங்களா?”

“ஒத்துக்கறேன் சார்.”

“இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?”

“தெரியும் சார். மனப்பாடம்.”

“இன்னிக்குச் சாயங்காலமே அணைக்கட்டு. எந்தக் குழுவும் வேண்டாம். நானே அடிக்கிறேன்.”

கண்காணிப்பாளர் குனிந்தார். “சார், இவங்க கேட்டதே அந்த இடம்...”

“குறுக்கே பேசாதீங்க. தண்டனைன்னா தண்டனை” என்று இயக்குநர் எடிட்டருக்குள் பாய்ந்தார். விரல்கள் பறந்தன. கடுமையான நடவடிக்கை, முன்னுதாரணம், உடனடியாக என்றெல்லாம் ஆணை நன்றாக நீண்டது. கடைசிப் புள்ளியை ஓங்கிக் குத்தினார்.

பிறகு கைகள் அப்படியே நின்றன. கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார். இயக்குநர் ஜாடியைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தார்.

“அது வந்து...” என்றார்.

“கொஞ்சம் தள்ளிக்குங்க சார்” என்று அக்கா மேஜையைச் சுற்றி வந்தார். இயக்குநர் ஒழுங்காக முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அக்கா இரண்டெழுத்து அடித்து, என்டரைத் தட்டி, ஆணையை அச்சிட்டு, கையெழுத்து போட வேண்டிய இடத்தை விரலால் சுட்டிக் காட்டினார். இயக்குநர் போட்டார்.

கதவைச் சாத்தும்போது உள்ளே கீபோர்டு சத்தம் மறுபடி கேட்டது. அடுத்த சுற்றறிக்கைக்காக இயக்குநர் உள்ளே போய்க்கொண்டிருந்தார். “அக்கா” என்று கண்காணிப்பாளர் கூப்பிட்டது கேட்டும் அக்கா நிற்கவில்லை. படியிறங்கிக்கொண்டே போனை எடுத்துக் கணவருக்கு இரண்டே இரண்டு எழுத்து அனுப்பினார்.

எம்வி.